ஆடுகளத்தில் அனைவர்க்கும் இடம்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளிவிழா என்பது கடந்துவந்த தொலைவை எண்ணி மகிழும் நாள் மட்டுமன்று. இனிக் கடக்கவேண்டிய தொலைவை அளந்து பார்க்கும் நாளுமாகும். பள்ளியின் வாயிற்படியை மிதிப்பதே நம் முன்னோருக்கு ஒரு போராட்டமாக இருந்தது. வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து பாடம் கேட்ட தலைமுறை, வகுப்பறைக்குள் தனியே சாக்கில் அமர்த்தப்பட்ட தலைமுறை, பலகையில் எல்லோருடனும் சேர்ந்து அமர்ந்த தலைமுறை என்று படிப்படியாக வந்திருக்கிறோம். ஆகவே, 'உள்ளே இருப்பதும் சேர்ந்திருப்பதும் ஒன்றல்ல' என்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த அறிவைக் கொண்டே இன்று ஒரு பொருளை ஆராய விரும்புகிறோம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பள்ளி விளையாட்டில் உள்ள இடம் யாது என்பதே அப்பொருள்.

நம் நாட்டில் பெரும்பாலான பள்ளிகளின் விளையாட்டு விழாவைச் சற்று மனக்கண்முன் கொண்டு வாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று, கொடி ஏற்றியாயிற்று, விசில் ஒலிக்கிறது. கால் வலுவற்ற மாணவன் எங்கே இருக்கிறான்? ஓடுபவர்களின் செருப்புக்கும் பைக்கும் காவலாக மரத்தடியில் இருக்கிறான். பார்வைக் குறைபாடுள்ள மாணவி எங்கே? கைதட்டும் கூட்டத்தில், எதற்காகக் கைதட்டுகிறோம் என்று பக்கத்திலிருப்பவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை அன்று பள்ளிக்கே அனுப்பவேண்டாம் என்று முன்னாளே வீட்டிற்குச் சொல்லியனுப்பியிருப்பார்கள். இவற்றுள் எதுவும் கொடுமையால் செய்யப்படுவதன்று. பெரும்பாலும் இரக்கத்தால் செய்யப்படுவது. 'பாவம், வெயிலில் எதற்கு?' என்பார்கள். ஆனால் விலக்கிவைப்பவனின் குரல் கடுமையாக இருந்தாலும் கனிவாக இருந்தாலும், விலக்கப்பட்டவன் நிற்கும் இடம் ஒன்றுதான்.

நம் கழகத்தைப் போன்ற ஓர் அமைப்பு இதில் தனிக் கவனம் கொள்வதற்குக் காரணம் உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் இது 2.45 விழுக்காடு. காரணம் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. தாயின் வயிற்றில் சத்துணவு இல்லாமையும், பேறுகாலத்தில் தக்க மருத்துவம் கிட்டாமையும், பாதுகாப்பற்ற உழைப்பும் இருக்குமிடத்தில் உடற்குறையும் மிகுதியாகவே இருக்கும். எனவே இது வேறு யாரோ ஒருசாராரின் சிக்கலன்று. நம் தெருவின் சிக்கல், நம் வீட்டின் சிக்கல்.

தமிழ்நாடு அரசு 2010-இல் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லைக் கைவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை ஏற்றது. நல்ல செயல். ஆயினும் பெயர் மாற்றத்தின் பயனும் அதன் எல்லையும் நம் மக்கள் அறிந்தவையே. பெயர் மாறியும் குவளை மாறாத தேநீர்க் கடைகளை நாம் கண்டிருக்கிறோம். அழைக்கும் சொல் மாறினால் போதாது. அமரும் இடமும் ஆடும் இடமும் மாறவேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

ஐக்கிய நாடுகள் அவை 2006-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 30-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பிற குழந்தைகளுக்கு நிகராக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. பள்ளியில் நடக்கும் விளையாட்டும் இதில் அடங்கும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. இந்தியா 2007-இல் இவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. இச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இப்பிள்ளைகளை வேறுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றவர்க்கு நிகராக அளிக்க வகைசெய்கிறது. 30-ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியே தனியாகப் பேசுகிறது. ஆகவே, இனி எந்தப் பள்ளியும் இதை ஒரு கருணைச் செயல் என்று கருதுவதற்கில்லை. இது கடமை.

'அவர்களுக்காக விதியை மாற்றினால் அது சலுகை ஆகாதா? விளையாட்டில் எல்லோருக்கும் ஒரே விதிதானே நேர்மை?' என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வியை நம் மக்கள் வேறொரு வடிவத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. அக்கோட்டிற்கு வந்துசேர ஒவ்வொருவரும் எவ்வளவு தொலைவு நடந்தார்கள் என்றும் பார்க்கவேண்டும். விளையாட்டுலகம் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. குத்துச்சண்டையில் எடைப்பிரிவு இருக்கிறது. பள்ளிப் போட்டிகளில் வயதுப்பிரிவு இருக்கிறது. இவற்றை எவரும் சலுகை என்பதில்லை. பாராலிம்பிக் தடகளத்தில் பார்வைக் குறைபாடுள்ளோர் 11 முதல் 13 வரையும், அறிவுசார் குறைபாடுள்ளோர் 20 என்றும், பெருமூளை வாதமுடைய ஓட்டக்காரர்கள் 35 முதல் 38 வரையும், சக்கர நாற்காலி ஓட்டக்காரர்கள் 51 முதல் 54 வரையும் எண்ணிட்டு வகுக்கப்படுவதும் இதே நேர்மையின்பாற்பட்டதே.

இங்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு வழக்கைக் குறிப்பிடுதல் பொருந்தும். தாத்தியானா மெக்ஃபாடன் என்னும் பெண், முதுகுத்தண்டுக் குறையுடன் பிறந்து, சக்கர நாற்காலி ஓட்டத்தில் தேர்ந்தவர். 2004-இல் ஏதென்சு பாராலிம்பிக் போட்டியில் 15 வயதிலேயே இரண்டு பதக்கங்கள் வென்றார். ஆனால் உயர்நிலைப் பள்ளி ஓட்டப் போட்டியில் மற்ற மாணவியரோடு களத்தில் இறங்க அவருக்கு இசைவு கிட்டவில்லை. மற்றவர்கள் ஓடி முடித்தபின், வெறிச்சோடிய களத்தில் தனியே ஓடுமாறு விடப்பட்டார். அவரும் அவர் தாயும் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் பணம் கேட்கவில்லை. மற்றவர்கள் ஓடும்போது சேர்ந்து ஓடும் உரிமையையே கேட்டனர். 2006-இல் நீதிமன்றம் அவருக்குச் சார்பாக ஆணையிட்டது. 2008-இல் மேரிலாண்டு மாநிலம் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. தனியே ஓடிப் பரிசு பெறுவதைவிடச் சேர்ந்து ஓடித் தோற்பது மேலானது என்று அப்பெண் கருதியதன் பொருளை நம் மக்களைவிட நன்கு உணரக்கூடியவர் யார்?

என்ன செய்யலாம்?

'எண்ணம் நல்லதுதான், எப்படிச் செய்வது?' என்று உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்பது முறையே. மாற்றக்கூடியவை நான்கு: இடம், விதி, கருவி, துணை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது இடம். ஆடுகளத்தைச் சுருக்கலாம், வலையைத் தாழ்த்தலாம். அமர்ந்து ஆடும் கைப்பந்தாட்டத்தில் களம் 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உடையது. ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். இதற்கு வேண்டியவை சமமான தரையும் ஒரு வலையுமே. வகுப்பு முழுவதும் தரையில் அமர்ந்து ஆடும்போது, கால் வலுவற்ற மாணவன் பலநாள் பழகிய கைத்திறனால் மற்றவர்களை வெல்லவும் கூடும்.

இரண்டாவது விதி. சக்கர நாற்காலி டென்னிசில் பந்து இருமுறை தரையில் படலாம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்தைக் கையைத் தாழ்த்தி உருட்டி வீசுகிறார்கள். பதினொருவரில் குறைந்தது நால்வர் முற்றிலும் பார்வையற்றவராக இருக்கவேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டம் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்படும். நம் பள்ளித் தொடர் ஓட்டத்தில் நால்வரும் ஒரே தொலைவு ஓடவேண்டும் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? ஒருவன் 150 மீட்டரும் மற்றொருவன் 50 மீட்டரும் ஓடட்டும். கோலைக் கைமாற்றும் மகிழ்ச்சி இருவருக்கும் பொதுவாகட்டும்.

மூன்றாவது கருவி. பார்வையற்றோருக்கான கோல்பால் ஆட்டத்தில் பந்துக்குள் மணிகள் இருக்கும், அணிக்கு மூவர், பார்ப்பவர்கள் ஓசையின்றி இருக்கவேண்டும், கோடுகளின் அடியில் கயிறு இருப்பதால் கையாலும் காலாலும் தடவி அறியலாம். மணிப்பந்து வாங்க வசதியில்லையா? சாதாரணப் பந்தை நெகிழிப் பையில் இறுகக் கட்டினால் உருளும்போது சலசலக்கும். சுண்ணாம்புக் கோட்டிற்கு மாற்றாகக் கயிற்றை முளையடித்து இழுத்துக் கட்டலாம். செவித்திறன் குறைந்த மாணவனுக்கு விசிலோடு கொடியையும் அசைத்தால் போதும். நிற்க இயலாதவன் குண்டெறிவதற்கு, ஆடாமல் தரையில் கட்டப்பட்ட ஒரு நாற்காலி போதும். இவற்றிற்கெல்லாம் பெருந்தொகை வேண்டியதில்லை. வேண்டியது முன்னேற்பாடு.

நான்காவது துணை. பார்வையற்ற ஓட்டக்காரரோடு ஒரு வழிகாட்டி சேர்ந்து ஓடுகிறார். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைத்திருக்கும். இதில் ஒரு விதி உண்டு: வழிகாட்டி முந்திச் சென்று முடிவுக் கோட்டைத் தொடக்கூடாது, ஓட்டக்காரரே முதலில் தொடவேண்டும். ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் தொண்டு செய்வோர்க்கும் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. உடன் ஓடுங்கள், இழுத்துச் செல்லாதீர்கள், முன்னால் போய் நிற்காதீர்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளையே சொல்லுங்கள். சொல்வதோடு செய்தும் காட்டுங்கள். நாள்தோறும் ஒரே வரிசையில் பயிற்சி அளியுங்கள். அவனோடு ஆட உடன் பயிலும் தோழன் ஒருவனைச் சேர்த்துவிடுங்கள்.

அச்சம் நியாயமான இடங்களும் உண்டு. அவற்றை மறைத்தல் தகாது. குருதி உறையாமை நோயுள்ள பிள்ளையைச் சடுகுடுவில் இறக்கலாகாது. நீச்சல் அவனுக்கு ஏற்றது. டவுன் நோய்க்குறி உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பின் இணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம் வேண்டா. வலிப்பு உள்ளவரைத் தண்ணீரில் கண்காணிப்பின்றி விடலாகாது. அரிவாளணுச் சோகை உள்ளவர்க்கு ஓய்வும் குடிநீரும் இடையிடையே வேண்டும். முதுகுத்தண்டு பாதித்தவர்க்குக் காலில் உணர்ச்சி இல்லாமற் போவதால் புண் ஏற்பட்டாலும் தெரியாது. உடல் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. ஆனால் ஒன்று: மருத்துவரிடம் 'இவன் விளையாடலாமா?' என்று கேட்காதீர்கள். 'இவன் எவ்விதம் விளையாடலாம்?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு விலக்குச் சீட்டு கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு வழி கிடைக்கும்.

பதக்கமும் உரிமையும்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் பெயரை இங்குள்ள பிள்ளைகள் அனைவரும் அறிவர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பம் காத்தார். அவரை உயரம் தாண்டுதலில் ஈடுபடுத்தியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே. மாரியப்பன் தம் 14-ஆம் வயதில் குறைபாடு இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். பிறகு 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் வென்றார். மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தில் மூன்று தங்கம் பெற்றார். 2024 பாரிசு பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற 29 பதக்கங்களில், துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ ஆகிய மூன்று தமிழ்ப் பெண்கள் இறகுப்பந்தில் வென்றவையும் உள்ளன.

இவர்களைப் போற்றுவோம். ஆனால் இவர்களைக் காட்டி மற்றப் பிள்ளைகளை மறந்துவிடுவது பெருந்தவறு. நம்மில் ஒருவர் மாவட்ட ஆட்சியரானால், 'இவர் முன்னேறவில்லையா? நீங்களும் முன்னேறலாமே' என்று கூறி, சேரிக்குச் சாலை போடாமல் விட்டவர்கள் உண்டல்லவா? அதைப்போன்றதே இதுவும். மாரியப்பனுக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார் என்பது செய்தி. அத்தகைய ஆசிரியர் வாய்க்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது கேள்வி. சாதாரணமாக விளையாடவும், சாதாரணமாகத் தோற்கவும், மறுநாள் மீண்டும் விளையாடவும் ஒரு பிள்ளைக்கு உள்ள உரிமை, அவன் பதக்கம் வெல்வான் என்பதால் வருவதன்று; அவன் பிள்ளை என்பதால் வருவது.

களத்திற்குள் விடுவது மட்டுமே போதுமானதன்று என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. பல்வங்கர் பாலு ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒப்பற்ற பந்துவீச்சாளர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பூனாவில் அவர் வீசிய பந்தைத் தொட எவரும் தயங்கவில்லை. ஆனால் அவருக்குரிய தேநீர் மண்குவளையில் வெளியே வந்தது. இந்து அணியின் தலைவர் பதவி அவருக்கு அளிக்கப்படவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-இல்தான் அது கிட்டியது. ஆகவே, மாற்றுத்திறனாளி மாணவனை ஆட விடுகிறோமா என்பதோடு, அவன் அணித்தலைவனாக ஆகமுடியுமா, நடுவனாக நிற்கமுடியுமா, மற்றவர்களோடு அமர்ந்து உணவு உண்கிறானா என்பவற்றையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். 'பெண், அதிலும் நடக்கமாட்டாதவள். அவளுக்கு எதற்கு விளையாட்டு?' என்று வீட்டிலேயே கதவு சாத்தப்படுகிறது. தாய்மார்களே! பள்ளியில் அவள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை இருக்கிறதா, உடைமாற்ற மறைவிடம் இருக்கிறதா, உடன் வர ஆசிரியை இருக்கிறாரா என்று உரிமையோடு கேளுங்கள். அவை இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் உண்டாக்கச் சொல்லிக் கேளுங்கள். அவளை வீட்டில் நிறுத்துவது அதற்கு விடையாகாது.

இனி, வெள்ளிவிழா ஆண்டில் நம் கழகம் மேற்கொள்ளத்தக்க பணிகளாகச் சிலவற்றை அவைமுன் வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒவ்வொருவரோடும் அவர்தம் பெற்றோரோடும் பேசி, எந்த ஆட்டத்தில் விருப்பம், என்ன மாற்றம் தேவை என்று எழுதி வைத்தல்.

இரண்டு: மாற்று ஆட்டம் ஒன்றைக் காட்டாமல் எவர்க்கும் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிப்பதில்லை என்று முடிவு செய்தல்.

மூன்று: டிசம்பர் 3-ஆம் நாள் ஒருநாள் மட்டும் தனிப்போட்டி நடத்தி மனநிறைவு கொள்ளாமல், ஆண்டு விளையாட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலிலேயே அவர்களுக்கான போட்டிகளையும், எல்லோரும் கலந்து ஆடும் ஓர் ஆட்டத்தையேனும் சேர்த்தல்.

நான்கு: அப்போட்டிகளில் பெறும் புள்ளிகளை அந்தந்த அணியின் மொத்தப் புள்ளியோடு கூட்டுதல். இது சிறியதாகத் தோன்றலாம், பயனோ பெரிது. புள்ளி கூடும் என்று தெரிந்தால், அணித்தலைவனே மரத்தடிக்கு வந்து அம்மாணவனைத் தேடுவான். இரக்கம் செய்யமுடியாததைத் தேவை செய்துவிடும்.

ஐந்து: வகுப்பறையிலிருந்து திடல் வரையிலும், திடலிலிருந்து குடிநீர்க் குழாய் வரையிலும், கழிப்பறை வரையிலும் படியில்லாத பாதை அமைத்தல்.

ஆறு: உடற்கல்வி ஆசிரியர்கள் அருகிலுள்ள சிறப்புப் பள்ளி ஆசிரியர்களிடம் பயிற்சி பெற ஏற்பாடு செய்தல், மாணவர்க்குரிய அடையாள அட்டை பெற்றுத் தந்து மாவட்டப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லுதல்.

இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க இயலாது என்பதை அறிவோம். ஆனால் நான்காவதாகச் சொன்னதற்கு ஒரு காசும் செலவில்லை. அடுத்த விளையாட்டு விழாவிலேயே தொடங்கலாம். ஊரார் திடலில் நம்மைச் சேர்க்கவில்லை என்று குரல் எழுப்பி வந்தவர்கள் நாம். நம் திடலுக்கு வெளியே நம் பிள்ளை ஒருவன் நிற்கும்வரை அக்குரலுக்கு முழு வலிமை இராது. கழகப் பொறுப்பாளர்கள் இவற்றை வரும் செயற்குழுவில் எடுத்து விவாதித்து முடிவு காணவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.